தலைமாட்டில் உட்காரும் வேலை

மூளையைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கினால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டு வசந்தியின் மாணவிகள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். வசந்தி இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுக்கிறாள். போடியில் பேச்சியம்மாள் என்று ஒருவர் இருக்கிறார், அவரையும் கேளுங்கள் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடமா கேட்கிறார்கள் என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள் என்றும் தோன்றியது.

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சர் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுகிறார். பேச்சை நேராக்கலாம், விஷயத்தை நேராக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனேன். மலையிலிருந்து வந்து இறங்கும் மூட்டைகளை எங்கள் முன்னால் கொட்டுவார்கள். வரிசையாக உட்கார்ந்து சுளகில் அள்ளிப் போட்டு, வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது என்று ஒதுக்க வேண்டும். கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். கண் பாதிக் கனவில் இருக்கும். ஆனாலும் ஒரு சொத்தைக் காய் வந்தால் விரல் அங்கே நின்றுவிடும். அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, உட்கார்ந்து உட்கார்ந்து வருவது. பத்து வருஷம் உட்கார்ந்தேன். பிறகு தூசியில் இருமல் கண்டு, வேறு வேலை தேடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நரம்பு டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே கூட்டிப் பெருக்கவும் டாக்டர் சொல்லும் பெயரைக் கூப்பிடவும் சேர்ந்தேன். அது எழுபதுகளின் நடுவில். எண்பதுகள் பிறந்து கொஞ்ச நாளில் அந்த மெஷின் வந்தது. இரும்பு பீரோவைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். எட்டுப் பேனா. மண்டைக்குள் ஓடுவதை அந்த எட்டுப் பேனாவும் நகரும் காகிதத்தில் கோடாக எழுதும். ஈ.ஈ.ஜி. என்று பெயர். தலையில் வயர் கோத்த சின்ன வெள்ளிக் கிண்ணிகளைப் பசையால் ஒட்டும் வேலைக்கு நிதானமான கை வேண்டும் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிய அன்னக்கொடி வழியில் பார்த்துக் கேட்டாள்.

"என்னடி பேச்சி, காய் பொறுக்குன கையி இப்ப மண்டைக்கு ஒட்டுப் போடப் போகுதாமே?"

"ஆமா. ஊருல எல்லா மண்டைக்கும் போடுவேன். ஒனக்கு மட்டும் போட மாட்டேன்."

"ஏனாம்?"

"சொத்தைய மெஷின் வச்சா பாக்கணும்?"

அவள் சிரிக்கவில்லை. "எத்தன நாளைக்குன்னு பாக்குறேன். திரும்பி வந்தா அந்த மூலையில ஒனக்கு எடம் கெடக்கு" என்றாள். அந்த மூலை என் மனசில் ரொம்ப நாள் கிடந்தது.

மெஷினை ஓட்ட வந்தவள்தான் வசந்தி. இருபத்து மூன்று வயசு இருக்கும். உடம்பு இயங்குகிற விதத்தைப் பற்றிப் படித்தவள், அதிலும் மூளையைத் தனியாக எடுத்துப் படித்தவள். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காமல் இதற்குப் போனேன் என்று அவளே சொல்லுவாள். ஒருநாள் சிலமலையிலிருந்து வந்த ஒரு கிழவி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, ஊசி போடுவியா?"

"நான் டாக்டர் இல்லை பாட்டி."

"அப்ப நர்சா?"

"நர்சும் இல்லை."

"பெறகு என்னத்தத்தா படிச்ச இம்புட்டு நாளா?"

"மூளை எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சேன்."

"எப்படிச் செய்யுது, சொல்லு கேப்போம்."

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது பாட்டி."

"அதுக்கா பட்டம் குடுத்தாக?"

நான் சிரித்துவிட்டேன். வசந்தி சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பசைக் கிண்ணியைக் கழுவிக்கொண்டே, "அந்தப் பாட்டி கேட்டதைத்தான் அக்கா எங்க அப்பாவும் கேக்குறாரு" என்றாள்.

வேலையைச் சொல்லுகிறேன். முதலில் தலையை அலசுவது. எண்ணெய் இருந்தால் கிண்ணி ஒட்டாது, கோடும் சரியாக வராது. எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவோம். ஆனால் டவுனுக்குப் போகும்போது பரட்டைத் தலையோடு போவதா என்று, எல்லாரும் இரண்டு கை கூடுதலாக எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டுதான் வருவார்கள். மொட்டை மாடிக் குழாயடியில் உட்கார வைத்துச் சீயக்காய் போட்டு அலசிவிடுவேன். பிறகு அளப்பது. வசந்தி டேப்பு வைத்து அளந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பாள். எனக்குக் கணக்கு வராது. நான் ஒரு நூல் எடுத்தேன். மூக்குத் தண்டிலிருந்து பிடரி மேடு வரை நூலைப் பிடித்து, அதை ஐந்தாக மடிப்பேன். முதலில் அரை மடிப்பு விட்டு ஒரு புள்ளி, அங்கிருந்து மடிப்புக்கு ஒரு புள்ளி. கடைசியில் பிடரியில் அரை மடிப்பு மிஞ்சும். வசந்தி டேப்பு வைத்துச் சரிபார்த்தாள். ஒரு தலையிலும் மயிரிழை பிசகவில்லை. அதற்கப்புறம் டேப்பு மேஜைக்குள்ளேயே கிடந்தது.

கிண்ணி ஒட்டி முடிந்ததும் ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து விளக்கை அணைப்போம். மேற்கு ஜன்னலில் மலை தெரியும். சாரல் காலத்தில் மேகம் இறங்கி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வந்தவர் துணியிலிருந்து ஏலக்காய் மணம் எழுந்து அறையெல்லாம் நிற்கும். கண்ணைத் திற, மூடு, மூச்சை இழுத்து விடு என்று சொல்லி முடித்த பிறகு அவர்கள் கொஞ்சம் தூங்க வேண்டும். புது இடத்தில், தலையெல்லாம் வயரோடு யாருக்குத் தூக்கம் வரும்? அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். "ஒங்க எஸ்டேட்டுக்கு எப்படித்தா போகணும்?" என்று கேட்பேன். அவர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஜீப்பு இறக்கிவிடும் இடம், ஓடை, பாறை, ஒற்றையடிப் பாதை, முதல் வளைவு, புலிவாகை மரம். குரல் மெல்ல மெல்ல இறங்கும். மூன்றாவது வளைவிலோ நாலாவது வளைவிலோ நின்றுவிடும். அத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட எஸ்டேட் போய்ச் சேர்ந்ததில்லை.

கண்ணை மூடினால் பின்மண்டைப் பேனாக்கள் சீராக அசையும், நெல் வயலில் காற்று போன மாதிரி. தூக்கம் இறங்க இறங்க அந்த அசைவு கலைந்து, தளர்ந்து, பெரிய பெரிய அலையாகும். எழுத்துக் கூட்டத் தெரியாத எனக்கு அந்தக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. கண் சிமிட்டினால் முன்பேனாவில் ஒரு பள்ளம். பல்லைக் கடித்தால் கறுப்பாக ஒரு கிறுக்கல். சொத்தைக் காய் மாதிரி, வந்ததும் விரல் நின்றுவிடும்.

என் இடம் தலைமாடு. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சிமிட்டினால், அசைந்தால், விழுங்கினால் மெதுவாகச் சொல்ல வேண்டும். வசந்தி அதைக் காகிதத்தில் குறிப்பாள். டாக்டர் அன்றைக்கே காகிதத்தைப் படிக்க மாட்டார். மறுநாள் காலையில் நீளப் பெஞ்சில் வைத்து, நின்றபடியே, இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. "பார்த்த முகம் கண்ணுல நின்னா கோடு தெரியாது" என்பார். "ம்" என்று சின்னதாகச் சொன்னால் ஒன்றுமில்லை. இழுத்துச் சொன்னால் ஏதோ இருக்கிறது. அதிர்ந்து பேசாத மனுஷர். தோட்ட வேலைக்காரர்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்லுவார்.

செல்லத்தாய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பவள். எட்டு மாதக் கைக்குழந்தை. ஓயாத தலைவலி, அதோடு சரிவில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். புருஷன் பரமன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றான். ஜீப்பில் வளைந்து வளைந்து இறங்கி வந்ததில் அவளுக்குக் குமட்டல் நிற்கவில்லை. படுக்க வைத்தால் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"குமட்டுதுக்கா. படுக்க முடியல."

என் முந்தியில் முடிந்திருந்த ஏலக்காயில் ஒன்றை எடுத்து, "இந்தா, இத வாயில அடக்கிக்க. அடங்கிரும்" என்று கொடுத்தேன்.

அடங்கிவிட்டது. வளைவுகளைச் சொல்லச் சொல்லி அரைத் தூக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

படுக்கும் முன் வாயில் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதைப் பார்ப்பது என் பொறுப்பு. வெற்றிலை, புகையிலை எல்லாவற்றையும் துப்ப வைத்துக் கொப்பளிக்கச் சொல்லித்தான் படுக்க விடுவேன். ஆனால் ஏலக்காய் எனக்கு வாயில் இருக்கும் பண்டமாகவே தோன்றவில்லை. பத்து வருஷம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தவளுக்கு அது எச்சில் மாதிரி.

மறுநாள் டாக்டர் அந்தக் காகிதத்தைத் தள்ளிப் பார்த்து, "ம்ம்ம்" என்று இழுத்தார். முன்மண்டைப் பேனாக்களில் பெரிய, மெதுவான அலை. விட்டு விட்டு வந்தது. செல்லத்தாயையும் பரமனையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"நெத்திக்குப் பின்னால வீக்கமோ கட்டியோ இருக்கும்போல. மதுரைக்குப் போகணும். கழுத்துல ரத்தக் குழாயில மருந்து ஏத்திப் படம் எடுப்பாங்க. அது கொஞ்சம் ஆபத்தானதுதான், சில பேருக்குக் கை கால் இழுத்துக்கும். ஆனா வேற வழி இல்லை. படத்துல தெரிஞ்சா தலையைத் திறந்து எடுப்பாங்க."

இன்றைக்கு இருக்கிற மாதிரி தலையைப் படம் பிடிக்கும் மெஷின் அப்போது எங்கள் பக்கம் கிடையாது.

"பிள்ளைக்குப் பால் குடுக்கணுமே அய்யா" என்றாள் அவள்.

"பால மறக்க வைங்கம்மா. நாளைக்குக் காலையில வந்து லெட்டர் வாங்கிட்டு, பத்து மணி பஸ்சுக்குக் கெளம்புங்க."

படியிறங்கும்போது செல்லத்தாய் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தலையத் தொறந்து மூடுனா எம்பிள்ளைய எனக்கு அடையாளம் தெரியுமா?"

"ஒன்னும் ஆகாது, போத்தா" என்றேன். அதை யாரும் சொல்லலாம்.

மறுநாள் காலையில் வேலைக்கு நடந்து வந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. வழக்கம்போல முந்தியிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். எதையும் நினைக்கவில்லை. நாக்கு தன் பாட்டுக்குக் காயை ஒரு புரட்டுப் புரட்டும், நிற்கும். சாறு இறங்கும். மறுபடி ஒரு புரட்டு, நிற்கும். அப்போதுதான் நாக்கு நின்றுவிட்டது. சுளகில் விரல் நிற்குமே, அந்த மாதிரி. செல்லத்தாயின் காகிதத்தில் முன்பேனா போன போக்கு அதுதான். ஒரு புரட்டு, ஒரு நிறுத்தம்.

மாடிப்படியில் ஏறாமல் கொஞ்ச நேரம் கீழேயே நின்றேன். அவள் வாயில் ஏலக்காய் இருந்ததை நான் மட்டும்தான் அறிவேன். சொன்னால் வேலை போகும். அன்னக்கொடியின் மூலை கண்ணுக்கு முன்னால் வந்தது. மதுரையில் படம் எடுத்தால் ஒன்றுமில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்களே, நீ ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்றும் மனசு ஒரு வழி காட்டியது. கழுத்தில் ஊசி ஏறும்போதே கை கால் இழுத்துக்கொண்டால்? அந்தக் கையில் ஒரு பிள்ளை இருக்கிறதே. படி ஏறினேன்.

வசந்தி பேனாக்களுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள். சொன்னேன். மைக்குப்பியைக் கீழே வைத்தாள்.

"நாக்கு அசைஞ்சா முன்னாடி இந்த மாதிரி அலை வரும்னு நான் படிச்சிருக்கேன் அக்கா. பரீட்சையில எழுதியிருக்கேன்."

"பெறகு ஏன் தெரியல?"

"பரீட்சையில ஏலக்காய் இல்லையே" என்றாள்.

இரண்டு பேரும் டாக்டர் முன்னால் போய் நின்றோம். நான்தான் பேசினேன்.

"அய்யா, செல்லத்தாயி வாயில ஏலக்கா இருந்துச்சு. குடுத்தது நான். சட்டம் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"தப்பு என்னுது சார்" என்றாள் வசந்தி. "நானும் முகத்தைப் பார்த்திருக்கணும். பேனாவையே பார்த்துட்டு இருந்துட்டேன்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை.

"தப்பை அப்புறமாப் பங்கு போட்டுக்குங்க. மொதல்ல இது நிசமான்னு தெரியணும். பேச்சியம்மா, போய்த் தலையை அலசிட்டு வந்து படுங்க."

சாரலில் நனைந்துகொண்டே குழாயடியில் என் தலையை நானே அலசிக்கொண்டேன். வசந்தி டேப்பை எடுக்கவில்லை. என் நூலை எடுத்து, ஐந்தாக மடித்து, என் தலையில் புள்ளி வைத்தாள். மெஷினில் காகிதத்தைப் போட்டு, "பெயர் நீங்களே எழுதுங்க அக்கா" என்றாள். ஓய்ந்த வேளைகளில் அவள் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த எழுத்துகளை வைத்து எழுதினேன். அதுவரை என் பெயரை எந்தக் காகிதத்திலும் நான் எழுதினதில்லை. கைநாட்டுத்தான்.

அந்தக் கட்டிலில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படுத்தேன். அங்கிருந்து பார்த்தால் மேற்கூரையில் ஒரு நீர்க்கறை தெரிகிறது. இத்தனை பேரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாயில் ஏலக்காயைப் போட்டு அடக்கச் சொன்னார் டாக்டர். கண்ணை மூடினேன். ஒரு புரட்டு, ஒரு நிறுத்தம். பேனாச் சத்தம் மாறியது எனக்கே கேட்டது. செல்லத்தாயின் காகிதத்தைப் பக்கத்தில் விரிக்கும் சரசரப்பும் கேட்டது.

"துப்பிருங்க" என்றார் டாக்டர். துப்பினேன். பேனாக்கள் அடங்கிவிட்டன.

"ம்" என்றார். சின்ன "ம்".

அவர் போன பிறகும் வசந்தி மெஷினை நிறுத்தவில்லை. தலைமாட்டில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்க பழைய ஏலக்காய்க் கடைக்கு எந்த வழியாப் போகணும்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். பெரிய கதவு, மூட்டைகள், சல்லடை தொங்கும் சுவர், வரிசையாகச் சுளகுகள். மூலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதுவரைக்கும் போகவில்லை. வழியிலேயே நின்றுவிட்டேன்.

கண் விழித்தபோது செல்லத்தாய் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. "என்னக்கா, ஒங்களுக்கும் மண்டையில கோளாறா?" என்றாள், பயந்த குரலில்.

வாயைக் கொப்பளிக்க வைத்து, ஆவென்று திறக்கச் சொல்லி விரலை விட்டே பார்த்து, அவளைப் படுக்க வைத்தோம். முக்கால் மணி நேரம். முன்பேனாக்களில் அலை இல்லை. கடைசிவரை இல்லை. பத்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது அந்த அறைக்கே கேட்டது. டாக்டர் லெட்டரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு அவளிடம், என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று முதல் தடவையாக நிதானமாகக் கேட்டார். பால் கொடுக்கிறவள், விடியுமுன் வெறும் வயிற்றோடு சரிவேறி, மத்தியானம்தான் கஞ்சியைக் கண்ணால் பார்க்கிறாள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தால் ரத்தமே இல்லை. சத்து மாத்திரை கொடுத்து, ஏறும் முன் சாப்பிட வேண்டும் என்று பரமனிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். கணக்குத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் நின்றேன்.

"நாளையிலேருந்து நான் படிக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கணும், பேச்சியம்மா. முகத்தைப் பார்த்தவங்க இல்லாம இனி நான் படிக்கிறதா இல்ல."

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த ஆஸ்பத்திரி இருந்தவரை பெஞ்சுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். என் விரல் நின்ற இடத்தில் அவர் கட்டைவிரலும் நிற்கும்.

வசந்தி நாலு வருஷம் இருந்தாள். அவளுக்குப் பிறகு வந்த பையன் மெஷின் விற்கும் கம்பெனிக்குப் போய்விட்டான், நல்ல பையன், பேச்சுத்தான் அதிகம். இன்னொரு பெண் பெங்களூருக்குப் போய்க் குரங்கு மூளையை ஆராய்ந்தாள். குரங்குகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று விட்டுவிட்டு, பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கப் போனாள். அவளிடமிருந்து பொங்கலுக்குப் பொங்கல் கார்டு வரும். எல்லாரும் படித்தது ஒரே படிப்புத்தான். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை.

ஆகவே, பிள்ளைகளே, எந்த வேலை என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீங்கள் கோட்டைப் படிக்கிறவர்களாகவே ஆகுங்கள், பெரிய பெரிய இடங்களுக்குப் போங்கள். ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கும் படித்தவர்கள் வர வேண்டும். நான் படிக்காமல் பார்த்தேன், ஒரு தடவை பிசகினேன். நீங்கள் படித்துவிட்டுப் பாருங்கள்.

என் தலையின் காகிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மேலே என் பெயர். முதல் பாதியில் ஏலக்காயின் அலை. பிறகு ஒன்றுமில்லாத வெறும் நிம்மதி. கடைசிப் பக்கங்களில் நான் தூங்கிய தூக்கம்.

செல்லத்தாய்க்கு இப்போது தலையெல்லாம் நரைத்துவிட்டது. தலைவலி எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. சந்தை நாளில் இறங்கி வந்தால், என்னை எங்கே பார்த்தாலும் பேச்செடுக்க மாட்டாள். தூரத்திலேயே நின்று, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், வாயை ஆவென்று திறந்து காட்டுவாள். உள்ளே ஒன்றுமில்லை என்று நான் தலையை ஆட்டின பிறகுதான் பக்கத்தில் வருவாள்.